பெயரைக் கேட்பது யார், பதில் சொல்வது யார்?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"இணையத்தில் முகமூடிகள்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சாதி பற்றி இணையத்தில் நான்கு வரி எழுதிய யாருக்கும் ஒரு பதில் வந்திருக்கும்: "தைரியம் இருந்தா ஒரிஜினல் ஐடில வாடா." அப்படிக் கேட்பவர் பெரும்பாலும் தன் சொந்தப் பெயரோடும் படத்தோடும்தான் நிற்கிறார். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம்கூட இருக்கும். அவருக்குப் பயமில்லை, நமக்குத்தான் பயம் என்கிறார். ஆமாம், நமக்குப் பயம் இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

1917ஆம் ஆண்டு. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு அம்பேத்கர் பரோடாவுக்கு வருகிறார். பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் படித்தவர். ஒப்பந்தப்படி அங்கே வேலை பார்க்க வேண்டும். வேலை இருக்கிறது, தங்க இடம் இல்லை. இந்து விடுதிகள் சேர்க்காது என்று அவருக்குத் தெரியும். கடைசியில் ஒரு பார்சி விடுதிக்குப் போகிறார். அவர் பார்சி இல்லை என்பதை விடுதியைப் பார்த்துக்கொள்பவர் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனால் அவருக்கும் வருமானம் வேண்டும். பதிவேட்டில் பார்சிப் பெயர் ஒன்றை எழுதிக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவுக்கு வருகிறார்கள். நாளுக்கு ஒன்றரை ரூபாய்.

பதினோராம் நாள் காலையில் ஒரு டஜன் பார்சிகள் கையில் தடிகளோடு மாடி ஏறி வருகிறார்கள். நீ யார் என்று கேட்கிறார்கள். விடுதியைத் தீட்டுப்படுத்திவிட்டாய், மாலைக்குள் காலி செய் என்கிறார்கள். ஊரில் இருந்த இரண்டு நண்பர்களாலும் இடம் தர முடியவில்லை. ஒருவர் இந்து, இன்னொருவர் கிறித்தவர். அன்று ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு பம்பாய்க்கு ரயில் ஏறுகிறார்.

இன்றைய மொழியில் சொன்னால் அந்தப் பதிவேட்டில் இருந்தது ஒரு 'ஃபேக் ஐடி'. யாரையும் ஏமாற்றிப் பணம் பறிக்கவோ, யாரையும் திட்டவோ அவர் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. இரவில் படுக்க ஓர் அறை வேண்டும், அவ்வளவுதான். "நீ யார்?" என்று தடியோடு கேட்டவர்களிடம் யாராவது போய் "நீங்கள் யார்? உங்களுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்?" என்று கேட்டார்களா? இல்லை. அவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் என்று ஒன்று இருக்கவே இல்லை.

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு வேறு சொற்கள் இருக்கின்றன. "நீங்க என்ன ஆளுங்க?" கொஞ்சம் நாகரிகமானவர் என்றால் "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" வாடகைக்கு வீடு பார்க்கப் போன எல்லோருக்கும் தெரியும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னார்கள். நம் பெயர்களில் இன்று பட்டம் இல்லாமல் இனிஷியல் மட்டும் நிற்பதற்குப் பின்னால் அந்த இயக்கம் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தை நான் இப்படியும் படிக்கிறேன்: என் பெயரைப் பார்த்து என் சாதியைத் தெரிந்துகொள்ளும் உரிமை உனக்கு இல்லை. பெயரில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது நூறு ஆண்டுகளாக நமக்கு அரசியல். இணையம் வந்த பிறகு கண்டுபிடித்த விஷயம் அல்ல இது.

பட்டம் போனாலும் கேள்வி போகவில்லை. இணையத்தில் அது சுலபமாகிவிட்டது. உங்கள் ஊர்ப் பெயர், பள்ளிக்கூடக் குழுப் படம், ஏப்ரல் 14 அன்று நீங்கள் வைத்த ஸ்டேட்டஸ், அண்ணன் கல்யாணப் பத்திரிகை. இந்த நான்கும் போதும். அரை மணி நேரத்தில் உங்கள் தெருவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். விடுதியில், ஆய்வகத்தில், அலுவலகத்தில் நடந்ததைச் சொல்ல நினைக்கும் ஒருவர் புனைபெயர் தேடுவது அதனால்தான்.

சரி, எல்லோரும் சொந்தப் பெயரில் எழுதினால் பொறுப்பு வந்துவிடுமா? அரசும் அப்படிச் சொல்கிறது, நல்ல மனதோடு சில முற்போக்காளர்களும் சொல்கிறார்கள். 2018இல் சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கே போட்டார்கள். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள செய்திச் செயலிகள் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டும்படி இருக்க வேண்டும் என்கின்றன.

தென் கொரியாவில் இதைச் செய்தே பார்த்தார்கள். 2007 முதல் பெரிய இணையதளங்களில் எழுத வேண்டுமென்றால் அரசு கொடுத்த பதிவு எண்ணைக் காட்டி ஆளை உறுதிப்படுத்த வேண்டும். அதற்காக நிறுவனங்கள் மக்களின் விவரங்களைச் சேர்த்து வைத்தன. 2011இல் அங்கே ஒரு பெரிய நிறுவனத்தின் தளங்களை ஊடுருவி ஏறக்குறைய 3.5 கோடிப் பேரின் விவரங்களைத் திருடிவிட்டார்கள். 2012 ஆகஸ்டில் அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ஒருமனதாக நீக்கியது. மக்களின் பேச்சுரிமை சுருங்கியதே தவிர, சட்டம் சொன்ன பொதுநன்மை கிடைத்ததாகத் தெரியவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

கொரியா வரை போகக்கூட வேண்டாம். 2015இல் கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். குற்றம்சாட்டப்பட்ட யுவராஜ் தலைமறைவாக இருந்த மாதங்களில் என்ன செய்தார்? தன் பெயரில், தன் குரலில் வாட்சப்பில் ஆடியோ மேல் ஆடியோவாக வெளியிட்டார். முகமூடி எதுவும் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. அந்தக் குரலைத் தேடிக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். அவரிடம் பதில் வாங்க 2022 மார்ச் வரை ஆனது. சாகும்வரை சிறை என்று மதுரைச் சிறப்பு நீதிமன்றம் சொன்னது. அங்கே பதில் வந்தது பெயர் தெரிந்ததால் அல்ல. கோகுல்ராஜின் தாய் விடாமல் நின்றார், வழக்கறிஞர்கள் உழைத்தார்கள், அதனால் வந்தது.

இன்று ரீல்ஸ் பாருங்கள். சாதிப் பெருமைப் பாட்டுக்கு அரிவாளோடு நடப்பவர் முகத்தை மூடுவதில்லை. தெளிவாகத் தெரிய வேண்டும் என்றுதான் வெளிச்சம் போட்டு எடுக்கிறார். பெயர் அவருக்குக் கவசம். நமக்கு அதே பெயர் முதுகில் ஒட்டிய முகவரி. இரண்டு பேரையும் "பெயரைப் போடு" என்று ஒரே தராசில் நிறுத்துவது சமத்துவம் போலத் தெரியும். தடியோடு மாடி ஏறியவர்களும் விடுதியில் தங்கியிருந்தவரும் ஒரே பதிவேட்டில் பெயர் எழுதட்டும் என்று சொல்வது போன்ற சமத்துவம் அது.

இதோடு முடித்திருந்தால் நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். ஆனால் பாதி உண்மைதான் சொன்னதாக இருக்கும்.

முகமூடி நம்மிடம் மட்டும் இல்லை. 2019 ஏப்ரலில் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில் என்ன நடந்தது? ஒரு சமூகத்தையும் அதன் பெண்களையும் இழிவாகப் பேசும் ஓர் ஆடியோ வாட்சப்பில் பரவியது. பேசியது யார் என்று கேட்டவர்களுக்குத் தெரியாது. அந்த முகமில்லாக் குரலுக்காக ஊரே கொந்தளித்தது, 144 தடை போட வேண்டிய நிலை வந்தது.

2015இல் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் பிரதமர் மீது வெறுப்பைப் பரப்புகிறது என்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் போனது. கையெழுத்து இல்லாத மொட்டைக் கடிதம். அமைச்சகம் அதைக் குப்பையில் போடவில்லை. கருத்துக் கேட்டு ஐ.ஐ.டி.க்கு அனுப்பியது. மே 22 அன்று வட்டத்தின் அங்கீகாரத்தை நிர்வாகம் நிறுத்தியது. நாடு முழுவதும் மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகு, ஜூன் 7 அன்று திருப்பிக் கொடுத்தது.

பெயரோடும் முகத்தோடும் நின்றவர்கள் மாணவர்கள். பெயரில்லாமல் இருந்தது புகார். அந்தப் புகாருக்கு இருந்த மரியாதை, பெயரோடு நின்ற மாணவர்களுக்கு இல்லை. விடுதியில் சாதி சொல்லித் திட்டினார்கள் என்று ஒரு மாணவி பெயர் போடாமல் எழுதினால் "ஆதாரம் எங்கே, பெயர் எங்கே" என்று கேட்கும் அதே அமைப்புகள்தான் இவை. ஒரு கடிதத்தில் பெயர் இல்லாதது குறையா, குறையில்லையா என்பதைக்கூட அது யாருக்கு எதிரான கடிதம் என்பதை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

அதனால் பெயர் தெரிவதும் பதில் சொல்வதும் இரண்டு வேறு விஷயங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் நம் விவாதங்கள் மாட்டிக்கொள்கின்றன. யார் என்று ஊருக்கே தெரிந்தும் எதற்கும் பதில் சொல்லாமல் ஒருவர் வாழலாம். யார் என்று ஊருக்குத் தெரியாமலே, கேட்க வேண்டிய இடத்தில் பதில் சொல்லவும் ஒருவரால் முடியும்.

2020 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவில் சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் இரண்டு மேலாளர்கள் மீதும் மாநில அரசின் துறை ஒன்று வழக்குப் போட்டது. சாதிப் பாகுபாடு காட்டினார்கள் என்று புகார் சொன்ன தலித் பொறியாளருக்கு வழக்கில் இட்ட பெயர் 'ஜான் டோ'. நம் ஊர் 'குப்புசாமி' மாதிரி, யாருக்கும் பொருந்தும் பெயர். நிறுவனத்துக்கு அவர் யார் என்று தெரியும், வழக்குப் போட்ட துறைக்கும் தெரியும். பொதுமக்களுக்கு மட்டும் தெரியாது. அந்த மறைப்பு கூடாது என்ற பிரச்சினை மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2022 ஆகஸ்டில் அந்த நீதிமன்றம், பெயர் வெளியானால் இந்தியாவில் இருக்கும் அவர் குடும்பத்துக்கு என்ன ஆபத்து வரும் என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது. கடல் தாண்டிப் போனாலும் சாதி நம் ஊர் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்பதை ஓர் அமெரிக்க நீதிமன்றம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறது.

நம் சட்டத்திலும் இது இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 15ஏ பிரிவைப் படியுங்கள். பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்களிலும் தீர்ப்புகளிலும் சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்கச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிடலாம். சாட்சி அதற்காகப் பொறுப்பிலிருந்து தப்பிவிடுவதில்லை. நீதிபதி முன் வர வேண்டும், குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு மறைவு, விசாரணைக்கு வெளிச்சம். மறுபக்கத்தில், இணையத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்தினாலும் இந்தச் சட்டத்தின்படி அது பொதுவெளியில் செய்த குற்றமே என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதாவது, முகமூடியைக் கழற்று என்று எல்லோரையும் மிரட்டாமலே தவறு செய்தவரைப் பிடிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் மற்றவர்களைப் பற்றி. இனி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நான்கு ஆய்வு மாணவர்கள் சேர்ந்து இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்தினோம். வளாகத்தில் சாதி எப்படி நடமாடுகிறது என்பதை மாணவர்கள் எழுதி அனுப்புவார்கள். பெயர் இல்லாமல் போடுவோம். எங்கள் பெயரும் இருக்காது. நிறையப் பேர் எழுதினார்கள். மெஸ்ஸில் தட்டு, ஆய்வகத்தில் இருக்கை, வைவாவில் "கோட்டாவா?" என்ற கேள்வி. எழுதியவர்கள் பலர், முதல்முறையாக வெளியே சொல்கிறோம் என்று சொன்னார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கம் தேவையானதுதான் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் ஒரு மாணவர் தன் நெறியாளர் பற்றி எழுதினார். பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். துறையின் பெயரை விட்டுவைத்தோம். மூன்றாம் ஆண்டு என்பதை விட்டுவைத்தோம். மதியம் போட்டோம். மாலைக்குள் கீழே ஒருவர் எழுதினார், இது இன்னார்தான் என்று.

அந்த மாணவர் இரவு என் அறைக்கு வந்தார். எங்கள் நால்வரில் என்னை மட்டும் அவருக்குத் தெரியும். கோபப்படவில்லை. "பேர் போடலன்னு சொன்னீங்கண்ணா. எங்க டிபார்ட்மென்ட்ல எஸ்.சி. நான் ஒருத்தன்தான். அது உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்று கேட்டார்.

தோன்றவில்லை. நாங்களும் ஒடுக்கப்பட்டவர்கள்தான். எங்களுக்கும் தோன்றவில்லை. முகமூடி வேலை செய்ய வேண்டுமென்றால் அதே மாதிரி பத்துப் பேராவது பக்கத்தில் இருக்க வேண்டும். துறைக்கு ஒருவர் என்று நம்மை வைத்திருக்கிற இடத்தில் பெயரை எடுத்தாலும் ஆள் தெரிவார். இடஒதுக்கீட்டு இடங்களை நிரப்பாமல் விடுவதற்கும் புகார் சொல்ல ஆள் இல்லாமல் போவதற்கும் உள்ள தொடர்பு எனக்கு அன்று அந்த அறையில்தான் புரிந்தது.

அடுத்து நாங்கள் செய்தது அதைவிட மோசம். பதிவை நீக்கினோம். ஒரு வரி விளக்கம் போடவில்லை. யார் போட்டது என்று எங்களுக்குள் கேட்டபோது ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். பக்கத்துக்குப் பெயர் இல்லை, அதனால் தவறுக்கும் பெயர் இல்லாமல் போய்விட்டது. அவர் நெறியாளரை மாற்ற வேண்டிவந்தது. ஓராண்டுக்கு மேல் வீணானது. "பக்கம் நடத்துறது நீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லலண்ணா" என்று கடைசியாகச் சொன்னார். எங்கள் மறைவை அவர் காப்பாற்றினார். அவருடையதை நாங்கள் காப்பாற்றவில்லை.

இங்கே இப்படிப் பக்கங்கள் நடத்துபவர்கள், குழுக்களில் அட்மினாக இருப்பவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

அனுபவத்தை எழுதுபவருக்குப் பெயர் வேண்டாம். நடத்துபவர்களுக்கு அந்தச் சலுகை முழுதாகக் கிடையாது. நீங்கள் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் குழுவுக்கு வெளியே நீங்கள் மதிக்கும் இரண்டு பேருக்காவது, ஒரு வழக்கறிஞர், ஒரு மூத்த தோழர், நீங்கள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் போய்க் கேட்க ஒரு கதவு வேண்டும். 2017இல் கல்வித்துறைப் பாலியல் அத்துமீறல்கள் பற்றிய பட்டியல் வந்தபோது புகார் சொன்ன பெண்கள் பெயர் சொல்லவில்லை. தொகுத்த ராயா சர்க்கார் தன் பெயரில் நின்றார். அந்தப் பட்டியலின் முறை பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். கேள்வி கேட்க அங்கே ஓர் ஆள் இருந்தார் என்பதை மறக்கக் கூடாது.

வெளியிடும் முன் கடைசி வடிவத்தை எழுதியவரிடமே காட்டுங்கள். "இதைப் படித்தால் நீங்கள்தான் என்று தெரியுமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் எவ்வளவு முக்கியமான பதிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தவறு நடந்தால் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். ஆளைக் காட்டும் பகுதியை எடுத்துவிட்டு, தவறு எங்களுடையது என்று அதே இடத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று, நமக்குள் பேச வேண்டியது. நம் இயக்கங்களுக்குள்ளேயே கருத்து மோதல் வரும்போது சில தோழர்கள் போலிக் கணக்கில் வந்து பெண் தோழர்களை ஆபாசமாக எழுதுகிறார்கள். பட்டியல் சாதிகளுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் சாதிப் பெயரால் திட்டுகிறார்கள். அது யார் என்று குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும். "நம்ம ஆளு, விடுங்க" என்று போய்விடுகிறோம். முகமூடி அதிகாரத்துக்கு எதிரே நிற்பவருக்கு உயிர்க்காப்பு. அதையே மாட்டிக்கொண்டு ஒரு தோழியைத் துரத்துபவர் அந்தப் பாதுகாப்பை நம் எல்லோரிடமிருந்தும் திருடுகிறார். அவர் பெயரை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரை உட்கார வைத்துக் கேட்க வேண்டியது நம் வேலை. நாம் கேட்காவிட்டால், "இதற்குத்தான் ஆதார் வேண்டும் என்றோம்" என்று அரசு வந்து நிற்கும். அப்போது முதலில் மாட்டுவது அந்தத் தோழர் அல்ல. துறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மாணவர்.

அம்பேத்கர் பரோடாவில் நடந்ததைப் பல ஆண்டுகள் கழித்து எழுதினார். பொய்ப்பெயர் எழுதியதையும் மறைக்கவில்லை. ஏன் அப்படிச் செய்ய நேர்ந்தது என்று தன் பெயரில் எழுதி வைத்தார். பயந்த நாளில் பெயரை மறைக்கவும், பின்னொரு நாளில் தான் செய்ததற்குத் தானே பதில் சொல்லவும் அவரால் முடிந்திருக்கிறது.

நான் அந்த மாணவரிடம் இன்னும் முழுதாகப் பதில் சொல்லவில்லை. இன்று இங்கே என் பெயரில் நின்று இதைச் சொன்னது அதன் ஒரு பகுதி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எழுதிக் கொடுப்பவர்கள் சீட்டில் பெயர் போட வேண்டாம்.